நீலமாய்த் தெரிந்த தகரம்

ஹுன்னஸ்கிரியப் பக்கமாக உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு நான் எழுதிக் கொடுத்த முதல் அறிக்கை ஒரே ஒரு பக்கம். அதில் ஒரு வரி பிழை. அந்த வரியை நம்பி, அந்தத் தொழிற்சாலையின் மேல்மாடியில் பதினொரு பெண்கள் நான்கு நாட்கள் வேலை செய்தார்கள்.

நான் நாவலப்பிட்டிக்காரி. கண்டியில் படித்து முடித்து இரண்டு வருடம் வேலை தேடி அலைந்த பிறகு, பிலிமத்தலாவையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே இருந்த சின்ன அலுவலகத்தில் சேர்ந்தேன். அதை யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர் ஒருவர் நடத்தினார். ட்ரோன் ஓட்ட அக்குறணையைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். மூன்றாவது ஆள் நான். ட்ரோனில் வெப்பக் கமராவைக் கட்டிப் பறக்கவிட்டு, கட்டடங்களின் கூரை வழியாகச் சூடு எங்கே வீணாய்ப் போகிறது என்று படம் எடுத்துச் சொல்வது எங்கள் தொழில். ஹோட்டல், பேக்கரி, சலவைத் தொழிற்சாலை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். படங்களைப் பார்த்துக் கணக்கிட்டு எழுதுவது என் பொறுப்பு. ஆனால் அதுவரைக்கும் எல்லா அறிக்கையிலும் பொறியியலாளரின் கையெழுத்துத்தான் இருந்தது.

அந்தத் தொழிற்சாலையில் விறகு அளவுக்கு மீறிச் செலவாகிறது என்று முகாமையாளர் எங்களைக் கூப்பிட்டார். விறகு அடுப்பில் வரும் வெப்பக் காற்றுதான் கீழே தேயிலையைக் காய வைக்கிறது. மழைக் காலத்தில் அதில் ஒரு பங்கை மேல்மாடிக்கு அனுப்பி, பறித்து வந்த ஈரக் கொழுந்தை வாட்டுவார்கள். வெயில் பட்டால் கூரை தானாகவே சூடாகிப் படம் கெட்டுவிடும் என்பதால், முதல் நாளே போய்த் தங்கி, சூரியன் வருமுன் ட்ரோனை ஏற்றினோம்.

நல்ல குளிர். பனிமூட்டம் தேயிலை மலைக்குக் கீழே நின்றதால் எங்களுக்கு வசதியாகப் போனது. எங்களோடு டீமேக்கர் நின்றார். தொழிற்சாலைக்குள் கொழுந்து நுழைவதில் இருந்து தூளாகிப் போகும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. ஐம்பது கடந்த மனிதர், காதை மூடித் துவாய் கட்டியிருந்தார். திரையில் கீழ்க் கட்டடத்தின் பழைய கூரை சிவப்பும் மஞ்சளுமாய் எரிந்தது. காய வைக்கும் இயந்திரத்துக்கு நேர் மேலே சூடு ஒழுகிக்கொண்டிருந்தது. மேல்மாடிக்குப் போன வருடம்தான் புதுத் தகரம் போட்டு, உள்ளே பலகை சீலிங்கும் அடித்திருந்தார்கள். அந்தப் பக்கம் முழுக்கக் கடும் நீலம். நீலம் என்றால் குளிர். சூடு வெளியே வரவில்லை என்று அர்த்தம்.

“அங்கிட்டு ஒன்னுமே இல்லீங்களா மிஸ்?” என்று டீமேக்கர் கேட்டார்.

ஒன்றுமில்லை, புதுக் கூரை நன்றாக வேலை செய்கிறது என்றேன். அவர் இன்னும் ஏதோ கேட்க வந்த மாதிரி இருந்தது. பிறகு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. விடிவதற்குள் மற்ற மூலையையும் எடுத்துவிட வேண்டும் என்பதே என் நினைப்பாக இருந்தது.

அந்த வாரம் பொறியியலாளர் தகப்பனின் ஆட்டைத் திவசத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். முகாமையாளர் அவசரப்பட்டார். முழு அறிக்கை பிறகு வரட்டும், கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப ஒரு பக்கத்தில் சுருக்கம் வேண்டும் என்றார். பொறியியலாளரைக் கேட்டேன். “ஓம், நீரே எழுதி அனுப்பும்” என்றார். முதன்முதலாக என் கையெழுத்தோடு போகும் தாள். மூன்று தரம் எழுத்துப்பிழை பார்த்தேன். கீழ்க் கூரையில் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி, கடைசியில், மேல்மாடிக் கூரையில் வெப்ப இழப்பு இல்லை, அங்கே எதுவும் செய்யத் தேவையில்லை என்று முடித்தேன். திங்கட்கிழமை காலை அனுப்பினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அம்மாவுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போனது நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை முழு அறிக்கைக்குப் படங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். வெளியே மூன்றாவது நாளாக மழை. மேல்மாடிப் படத்தைப் பெரிதாக்கியபோது, நீலத்துக்குள் விரல் அகலத்தில் நான்கைந்து மஞ்சள் கீற்றுகள் தெரிந்தன. காக்கை எச்சமாக இருக்கும் என்று முதலில் விட்டவள்தான் நான். இப்போது அதே இடத்தைச் சாதாரணப் படத்தில் தேடினேன். எச்சமில்லை. ஆணி வழியே மழை ஒழுகாமலிருக்க ஒட்டிய கறுப்புத் தார் நாடா. நாடாத் துண்டுகள் ஒரே வரிசையில், அடுப்பின் புகை வெளியேற மேல்மாடிக் கூரையைத் துளைத்துப் போகும் புகைக்குழாயை நோக்கிப் போயின. குழாய்க்குக் கிட்டப் போகப் போக மஞ்சள் வெள்ளையாகிக்கொண்டே போனது. வெள்ளை என்றால் உச்சச் சூடு.

படித்த பாடம்தான், மறந்து தொலைத்திருந்தேன். பளபளப்பான தகரம் வெப்பக் கமராவுக்குக் கண்ணாடி மாதிரி. அது தன் சூட்டைக் காட்டாது, மேலே இருக்கிற குளிர்ந்த வானத்தைத்தான் காட்டும். மங்கலான கறுப்பு நாடா அப்படியல்ல. அது ஒட்டியிருக்கும் தகரத்தின் உண்மைச் சூட்டைச் சொல்லும்.

நம்ப மனமில்லாமல் நானாவைக் கூப்பிட்டேன். அவரும் நம்பவில்லை. அலுவலகத்தில் தேத்தண்ணி போடும் சில்வர் கேத்தலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதன் வயிற்றில் ஒரு துண்டுக் கறுப்பு நாடாவை ஒட்டி, வெப்பக் கமராவைப் பிடித்தோம். கேத்தல் முழுக்க நீலம், குளிர்ந்த பாத்திரம் மாதிரி. நாடா ஒட்டிய இடம் மட்டும் வெள்ளையாய் எரிந்தது. நானா கேத்தலை விரலால் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

“அப்ப அந்தத் தகரம் முழுக்கச் சூடாத்தான் ஈக்குது” என்றார்.

சூடு வீணாகிறது என்பதோடு இது முடியவில்லை. சீலிங் அடித்த கூரையின் மேல்பக்கம் அவ்வளவு சூடாக வேண்டிய காரணமே இல்லை. சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவில் கூரையைத் தாங்கும் கைமரங்கள் இருக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலையில் பஞ்சு மாதிரி மெல்லிய தூசி பறந்துகொண்டே இருக்கும், சந்து கிடைத்த இடத்திலெல்லாம் படியும். அதற்கு நடுவே புகைக்குழாய் போகிறது.

முகாமையாளருக்குப் போனில் கோல் எடுத்தேன்; அவர் எடுக்கவில்லை. தொழிற்சாலை அலுவலகத்தில் விசாரித்தபோது, கண்டியில் ஒரு கூட்டத்தில் இருக்கிறார், பகலுக்குப் பிறகுதான் வருவார் என்றார்கள். டீமேக்கரின் நம்பரை வாங்கிப் பேசினேன். மேல்மாடியில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்றுதான் ஆரம்பித்தேன். மறுபக்கத்தில் இயந்திரச் சத்தம். அவர் வெளியே நடந்து வந்து பேசுவது கேட்டது.

பத்து நாளாகவே புகைக்குழாய்ப் பக்கம் கருகின வாடை வருகிறது என்றார். நாங்கள் ட்ரோன் விட்ட அன்றைக்கே அதைத்தான் சொல்ல வந்தாராம். மிஷின் வைத்துப் பார்க்கிறவர்களே ஒன்றுமில்லை என்கிறார்கள், நாம் என்ன சொல்வது என்று விட்டுவிட்டாராம். புதன்கிழமை வாடை கூடியதும் சீலிங்கைக் கழற்றிப் பார்க்கலாமா என்று முகாமையாளரிடம் கேட்டிருக்கிறார்.

“நீங்க எழுதுன தாளத்தான் மிஸ் தொர எடுத்துக் காட்டினாரு. கமராவுல ஒன்னுமில்ல, ஒனக்கு மட்டும் எப்பிடி வாடை வருதுன்னாரு.”

அவர் தொடர்ந்து சொன்னதுதான் இன்னும் மோசம். மூன்று நாள் மழையில் கொழுந்து ஊறிப்போய் வருகிறதாம். மேல்மாடிக் கூரையில் பிரச்சினை இல்லை என்று தாளில் இருப்பதால், அடுப்பைக் கூட்டி எரித்து இரண்டு மடங்கு வெப்பக் காற்றை மேலே அனுப்பச் சொல்லி உத்தரவு. நேற்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. மேலே பதினொரு பெண்கள் கொழுந்து பரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தத் தாள் பிழை, அடுப்பை நிறுத்துங்கள், எல்லோரையும் கீழே இறக்குங்கள் என்றேன். அவர் தயங்கினார். அவருடைய நிலைமையும் எனக்குப் புரிந்தது. அடுப்பை நிறுத்தினால் மேலே கிடக்கும் கொழுந்து அத்தனையும் புளித்துப்போகும். முகாமையாளர் கையெழுத்துப் போட்ட உத்தரவுக்கு எதிராக, போனில் ஒரு பெண் சொன்னாள் என்று அவர் எப்படி நிறுத்துவார்? தொரகிட்ட கேட்டுட்டுச் செய்றேன் மிஸ் என்று வைத்துவிட்டார்.

நானா ஏற்கெனவே வான் வண்டியை ஸ்டார்ட் பண்ணியிருந்தார்.

பேராதனைப் பாலத்தில் வாகனங்கள் நகரவில்லை. மழையில் வைப்பர் அடித்துக்கொண்டே இருந்தது. நான் முகாமையாளருக்கு ஒன்பது தரம் கோல் எடுத்தேன். கடைசியில் பொறியியலாளருக்கு எடுத்து, அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நாடா எந்த இடத்தில், குழாயில் இருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் விசாரித்தார்.

“பிள்ளை, அழுறதைப் பிறகு பாப்பம். உம்மட தாள் பிழையெண்டு நீரே எழுதி இப்பவே அவருக்கும் கொழும்புக்கும் அனுப்பும். மழுப்பாமல் எழுதும். மிச்சத்தை நான் கதைக்கிறன்.”

வண்டிக்குள் இருந்தபடியே போனில் எழுதினேன். திங்கட்கிழமை நான் அனுப்பிய தாளின் கடைசி வரி தவறானது. அது என் பிழை. மேல்மாடிக் கூரைக்குள் தீ இருக்கக்கூடும். உடனே அடுப்பை நிறுத்தி ஆட்களை இறக்கவும். அனுப்பும் பொத்தானை அழுத்த விரல் தயங்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு இனி யார் வேலை தருவார்கள் என்ற யோசனையும், ஒருவேளை அங்கே ஒன்றுமே இல்லாமல் போய், இரண்டு தரம் பிழைவிட்டவளாக நிற்பேனோ என்ற பயமும் அந்த நேரத்திலும் வந்தது. நானா ரோட்டைப் பார்த்தபடியே, அனுப்பிட்டீங்களா தங்கச்சி என்று கேட்டார். அனுப்பினேன்.

தெல்தெனிய தாண்டி மலையேறும் வளைவுகளில் சிக்னல் போய்ப் போய் வந்தது. முகாமையாளர் வாசித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் மேலே புகை தெரிகிறதா என்று பார்த்தேன். மூட்டத்துக்குள் எதைப் பார்த்தாலும் புகை மாதிரித்தான் இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தொழிற்சாலை வழக்கம்போல இயங்கிக்கொண்டிருந்தது. வாசலில் டீமேக்கர் நின்றார். தொரையோடு இன்னும் பேச முடியவில்லை, ஆனால் அடுப்பில் விறகு போடுவதைக் குறைத்திருக்கிறேன், மேலே தண்ணீர் வாளிகளும் தீயணைப்பானும் ஏற்றி வைத்திருக்கிறேன் என்றார். பெண்கள்? மேலேதான் இருக்கிறார்கள்.

கையில் பிடிக்கும் வெப்பக் கமராவை எடுத்துக்கொண்டு மரப்படி ஏறினேன். மேல்மாடியில் நீளமான வாட்டும் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் முழங்கை ஆழத்துக்குக் கொழுந்து. பச்சை வாசனைக்குள் வேறொரு வாடை இருந்தது, பழைய துணி கருகின மாதிரி. குழாய்க்கு நேர் கீழே இருந்த தொட்டியில் மூன்று பெண்கள் கொழுந்தை உதறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வயதான அக்கா ஒருவர், ரெண்டு நாளா தலைவலி, மழைக்குத்தான்னு நெனச்சோம் என்றார்.

கமராவை அண்ணாந்து பிடித்தேன். சீலிங் பலகைக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள், மங்கலான பெயின்ட். அது பொய் சொல்லாது. குழாயைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். அதிலிருந்து கைமரம் போகும் பாதையில் ஒரு வெள்ளைக் கோடு, மூன்று தொட்டிகளுக்கு மேலால் நீண்டிருந்தது. வெறும் கண்ணுக்குப் பலகை சுத்தமாக, கிரீம் நிறத்தில்தான் இருந்தது.

திரையை டீமேக்கரிடம் நீட்டினேன். அவர் அதையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு யாரையும் கேட்கவில்லை. படியின் தலைப்பில் நின்று, கீழே அடுப்பை மூடச் சொன்னார், காற்றாடிகளை நிறுத்தச் சொன்னார். திரும்பிப் பெண்களிடம், “எல்லாரும் எறங்குங்க. கொழுந்த அப்பிடியே போட்டுட்டு எறங்குங்க” என்றார். குரலை உயர்த்தவேயில்லை. பதினொரு பேரும் இறங்கி முடியும்வரை படியில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினார். எண்ணிக்கை சரியா என்று கீழே போய் ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி ஏறி வந்தார். நகரத்துத் தீயணைப்புக்கு நானா கோல் எடுத்தார். அவர்கள் மலையேறி வர நேரமெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பலகையைத் திறந்தால் காற்றுப் புகுந்து தீப்பிடிக்கும். திறக்காவிட்டால் உள்ளே கனன்று கைமரம் முழுவதையும் தின்னும். குழாயில் இருந்து தள்ளி, சின்னதாய் ஓர் ஓட்டை போட்டு, அதன் வழியே முதலில் தண்ணீர் அடிப்பது என்று முடிவெடுத்தார்கள். தொழிற்சாலைத் தச்சர் ஏணியில் ஏறினார். எங்கே வெட்டலாம் என்பதை நான் கமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னும் இடது பக்கம், இன்னும் கொஞ்சம், அங்கே இல்லை, அங்கே சூடு. நான்கு நாளைக்கு முன் இதே மாதிரி ஒரு கமராவின் படத்தை நம்பித்தான் ஒன்றுமில்லை என்று எழுதினேன். என் சொல்லைக் கேட்டு அந்த மனிதர் உளியை வைத்தார்.

ஓட்டை விழுந்ததும் மஞ்சள் புகை கயிறு மாதிரி இறங்கியது. ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தார்கள். உள்ளே சீறல் கேட்டது. இன்னொரு பலகையைப் பெயர்த்தபோது கண்டோம். கைமரம் கரியாகி, அதன் மேல் படிந்திருந்த தேயிலைத் தூசி சிவப்புப் புழு மாதிரி மெல்ல ஊர்ந்து எரிந்துகொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் ஒரு பக்கம் குப்பென்று சுடர் எழுந்தது. தச்சர் ஏணியில் இருந்து குதித்தார். டீமேக்கர் தீயணைப்பானை அடித்தார். நானா வாளிகளைக் கைமாற்றினார். நான் கமராவைப் பிடித்தபடி, எங்கே இன்னும் வெள்ளையாக இருக்கிறதென்று கத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் இருக்கும். சுடர் அடங்கின பிறகு, கருகின கைமரம் ஒன்று நடுவில் முறிந்து, சீலிங் பலகையையும் இழுத்துக்கொண்டு கீழே விழுந்தது. அந்த அக்கா நின்றிருந்த தொட்டியில்தான் விழுந்தது. கொழுந்துக்குள் அது அமுங்கிப் புகைந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. தச்சருக்குக் கணுக்கால் சுளுக்கு, அவ்வளவுதான்.

தீயணைப்பு வண்டிக்குப் பின்னாலேயே முகாமையாளரின் ஜீப் வந்தது. மலை ஏறும்போதுதான் என் கடிதத்தை வாசித்தாராம். மேல்மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். சிங்களத்தில் மெதுவாகத்தான் பேசினார். உங்களிடமிருந்து எனக்கு இரண்டு தாள் வந்திருக்கிறது மிஸ், முதலாவதை நம்பித்தான் நான் என் ஆளை ஏசினேன் என்றார். மன்னிப்புக் கேட்டேன். பிழை முழுக்க என்னுடையது, டீமேக்கர் சரியாகத்தான் சொன்னார் என்றேன். அவர் டீமேக்கரிடம் போய், தோளில் கைவைத்து ஏதோ பேசினார். மன்னிப்பா, கொழுந்தைப் பற்றிய கேள்வியா என்று எனக்குத் தெரியாது.

பொறியியலாளர் திரும்பி வந்ததும் என்னை ஏசவில்லை. முழு அறிக்கையின் முதல் பக்கத்தில், முதல் பத்தியிலேயே என் பிழையை எழுதச் சொன்னார். பின்னால் ஓர் அடிக்குறிப்பாகப் போடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றார். அடுத்த மூன்று மாதங்கள் என் கையெழுத்தில் எதுவும் போகவில்லை. அது எனக்கு வலித்தது. வலித்திருக்க வேண்டியதுதான். ஒரு ஹோட்டல் வேலை எங்கள் கையை விட்டுப் போனது. அந்தத் தொழிற்சாலை எங்களை விடவில்லை. குழாயைச் சுற்றி மரமே இல்லாமல் இரும்புச் சட்டம் போட்டு, தூசி படியாதபடி சீலிங்கைத் திறந்துவிட்ட பிறகு, மறுபடி படம் எடுக்க வரச் சொன்னார்கள்.

போன அன்றைக்குப் பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் மேல்மாடிப் பெண்களைத் தேடிப் போனேன். படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவலி என்று சொன்ன அக்காவிடம், அன்றைக்கு நான் எழுதிய தாளால்தான் உங்களை அவ்வளவு நாள் மேலே வைத்திருந்தார்கள், என்னை மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவர் மென்றதை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்னா தாளு மிஸ்? எங்ககிட்ட யாரும் ஒன்னும் சொல்லலியே.”

மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். திடீரென்று இறங்கச் சொன்னார்கள், இறங்கினோம், பிறகு புகையைப் பார்த்தோம் என்றார்கள். ட்ரோன் வந்ததை ஏதோ கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கிறார்கள் என்று நினைத்தார்களாம். அவர்கள் தலைக்கு மேலே என்ன இருந்தது, யார் யாரிடம் கேட்டார்கள், யார் இல்லை என்றார்கள், எதுவுமே அவர்களுக்குத் தெரியாது.

நானும் படியில் உட்கார்ந்தேன். ட்ரோன் எதற்கு வந்தது என்பதில் தொடங்கி, புதுத் தகரம் ஏன் நீலமாய்த் தெரிந்தது, நான் எங்கே பிழைவிட்டேன், டீமேக்கர் என்ன கேட்டார் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லி முடித்தபோது ஒரு பெண், அந்த அக்கா நின்ற தொட்டி இருக்கும் மேல்பக்கத்தை அண்ணாந்து பார்த்தாள். யாரும் என்னை ஏசவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. அக்கா ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து என் கையில் வைத்தார். இன்னொரு தரம் வாடை வந்தா நாங்க யாருகிட்ட சொல்லணும் மிஸ் என்று கேட்டார்.

என் நம்பரை ஒரு தேயிலைப் பையின் கிழிந்த காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். மணி அடித்தது. அவர்கள் எழுந்து மேலே போனார்கள்.